கேள்வி யாருடையது?

பூந்தமல்லியைத் தாண்டி, பெங்களூரு நெடுஞ்சாலையை ஒட்டி, செம்பரம்பாக்கம் ஏரிக்கு அருகே இருக்கிறது குத்தம்பாக்கம். திருவள்ளூர் மாவட்டத்து ஊராட்சி. உள்ளாட்சி பற்றிப் படித்தவர்களுக்கு இந்தப் பெயர் பழக்கமானது. வேதிப் பொறியாளரான ரங்கசாமி இளங்கோ, பார்த்த வேலையை விட்டுவிட்டு ஊருக்குத் திரும்பி, 1996 முதல் 2006 வரை இங்கே ஊராட்சித் தலைவராக இருந்தார். தலித் குடும்பமும் தலித் அல்லாத குடும்பமும் பக்கத்துப் பக்கத்தில் ஒட்டி வாழும் இரட்டை வீடுகளைக் கொண்ட சமத்துவபுரம் அந்தக் காலத்தில் எழுந்தது. இன்று அதே ஊரில் சென்னையின் மேற்குத் திசைக்கான புறநகர்ப் பேருந்து நிலையம் எழுந்திருக்கிறது. வயல் மனையாகிறது, மனை வீடாகிறது, வீடு வந்த கையோடு பள்ளி விளம்பரமும் வந்துவிடுகிறது. ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லி வட்டாரம் முழுக்க அந்தப் பலகைகளில் இரண்டு சொற்களை அடிக்கடி பார்க்கலாம்: ‘ஆக்டிவிட்டி’, ‘மாண்டிசோரி’.

இப்படிப்பட்ட ஊரில் பிறக்கும் குழந்தை, தவழும் நாளிலிருந்து ஐந்தாம் வகுப்பு முடிக்கும்வரை எதனால் கற்கிறது? ஏதாவது செய்துகொண்டே இருந்தால் கற்கும் என்பது பலகைகள் தரும் பதில். வெட்டு, ஒட்டு, வண்ணம் தீட்டு, ஆடு, பாடு. குழந்தை மனத்தை ஆராய்ந்தவர்கள் கடந்த இருபது முப்பது ஆண்டுகளில் கண்டது வேறு. கை ஓயாமல் வேலை செய்யும்போதும் மனம் சும்மா இருக்கலாம். தனக்கு ஒன்று புரியவில்லை என்று குழந்தைக்கே உறைத்து, அதைத் தெரிந்துகொள்ளாமல் விடமாட்டேன் என்று அது கிளம்பும் கணத்தில்தான் ஆழமான கற்றல் நடக்கிறது. அந்தக் கணத்தைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

2015இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஏமி ஸ்டால், லிசா ஃபைகன்சன் என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் 11 மாதக் குழந்தைகளுக்குச் சில காட்சிகளைக் காட்டினார்கள். சரிவில் ஒரு பந்து உருண்டு வருகிறது. வழியில் ஒரு தடுப்பு. திரையை விலக்கியபோது சில குழந்தைகளுக்குப் பந்து தடுப்பில் மோதி நின்றிருந்தது. வேறு சிலருக்கோ, தடுப்பை ஊடுருவி அந்தப் பக்கம் போய்விட்டது போல ஏற்பாடு செய்திருந்தார்கள். இன்னொரு காட்சியில் ஒரு பொம்மைக் கார் மேடையின் விளிம்பைத் தாண்டிய பிறகும் விழாமல் அந்தரத்தில் நின்றது. அதன் பிறகு அந்தப் பந்தையோ காரையோ குழந்தையின் கையிலேயே கொடுத்தார்கள். ஊடுருவிய பந்தைக் கண்ட குழந்தைகள் அதை மேசையில் தட்டித் தட்டிப் பார்த்தன. அந்தரத்தில் நின்ற காரைக் கண்ட குழந்தைகள் அதைக் கீழே போட்டுப் போட்டுப் பார்த்தன.

இதில் எவ்வளவு இருக்கிறது பாருங்கள். தட்டுவது அந்தப் பொருள் கெட்டியானதா என்று சோதிக்கும் வழி. கீழே விடுவது அது விழுமா என்று சோதிக்கும் வழி. எதற்கு எந்தச் சோதனை என்று 11 மாதக் குழந்தைக்கு யாரும் சொல்லித் தந்திருக்க முடியாது. அதற்கு இன்னும் பேச்சே வரவில்லை. ஆனாலும் உலகம் எப்படி நடக்க வேண்டும் என்று ஒரு கணக்கு அதனிடம் இருக்கிறது, கணக்குப் பிசகும்போது அது கவனிக்கிறது, பிசகிய இடத்தையே சரியாகத் தேடிப் போகிறது. அதே ஆய்வில், வியப்பூட்டிய பொருளோடு சேர்த்துக் காட்டிய புதிய ஒலியை அந்தக் குழந்தைகள் நன்றாகக் கற்றுக்கொண்டன. எதிர்பார்த்தபடியே நடந்துகொண்ட பொருளைப் பற்றி அந்த அளவுக்குக் கற்கவில்லை.

எல்லாப் புதுமையும் இப்படி இழுப்பதில்லை. 2012இல் ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் செலஸ்ட் கிட்டும் சக ஆய்வாளர்களும் 7, 8 மாதக் குழந்தைகளுக்குத் திரையில் தொடர் நிகழ்ச்சிகளைக் காட்டி, எப்போது அவை முகத்தைத் திருப்பிக்கொள்கின்றன என்று அளந்தார்கள். அடுத்து என்ன வரும் என்று எளிதில் ஊகிக்க முடிந்தால் குழந்தை முகத்தைத் திருப்பிக்கொண்டது. எதையுமே ஊகிக்க முடியாதபடி தாறுமாறாக இருந்தாலும் திருப்பிக்கொண்டது. பாதி புரிந்து பாதி புரியாமல் இருந்ததைத்தான் நெடுநேரம் பார்த்தது. தன் மூளை உழைத்தால் பலன் கிடைக்கக்கூடிய இடம் எது என்று எட்டு மாதத்திலேயே தேர்ந்தெடுக்கிறது! ஜார்ஜ் லோவன்ஸ்டைன் 1994இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில் ஆர்வத்தை இப்படித்தான் விளக்கினார்: நமக்குத் தெரிந்ததற்கும் தெரிய வேண்டியதற்கும் நடுவே ஓர் இடைவெளி இருப்பதை உணரும்போது எழும் உறுத்தல். ஒன்றுமே தெரியாத விஷயத்தில் இடைவெளி தெரியாது. எல்லாம் தெரிந்த விஷயத்தில் இடைவெளியே இருக்காது.

கைபேசியில் ஓடும் கார்ட்டூன் குழந்தையைக் கட்டிப்போடுகிறதே, அதுவும் ஆர்வம்தானே என்று கேட்கலாம். என் பார்வையில் அது வேறு. திரையில் ஒரு வியப்பு வந்ததும் அதைத் தட்டிப் பார்க்கவோ கீழே போட்டுப் பார்க்கவோ முடிவதில்லை. அதற்குள் அடுத்த வியப்பு வந்துவிடுகிறது. சோதிக்க இடமில்லாத வியப்பு கண்ணை மட்டும்தான் பிடித்துவைக்கும்.

பேச்சு வந்ததும் சோதனையின் கருவி மாறுகிறது. கை செய்ததை இனிக் கேள்வி செய்கிறது. சில குழந்தைகளின் வீட்டுப் பேச்சை ஆண்டுக்கணக்கில் பதிவு செய்த ஆவணங்களை 2007இல் மிஷெல் சூனார்ட் அலசினார். பெரியவர்களோடு பேசிக்கொண்டிருக்கும் நேரத்தில் இந்தச் சின்னஞ்சிறுசுகள் தகவல் தேடிக் கேட்ட கேள்விகள் மணிக்குச் சராசரியாக 76. நச்சரிப்பு என்று நாம் எரிச்சல்படுவது இதைத்தான். குழந்தை கவனம் பெறுவதற்காக மட்டும் கேட்கிறது என்ற எண்ணமும் ஆய்வில் நிற்கவில்லை. பிராண்டி ஃப்ரேசியர், சூசன் கெல்மன், ஹென்றி வெல்மன் மூவரும் 2009இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாக்கியது. ‘ஏன்’, ‘எப்படி’ என்ற கேள்விக்கு உண்மையான விளக்கம் கிடைத்தால் குழந்தை தலையாட்டிவிட்டு அடுத்த கேள்விக்குப் போகிறது. மழுப்பலான பதில் கிடைத்தால் பழைய கேள்வியையே மறுபடி கேட்கிறது, அல்லது தானே ஒரு காரணத்தைச் சொல்லிப் பார்க்கிறது. குழந்தைக்கு வேண்டியது காரணம்.

இங்கே வீட்டைப் பற்றி ஒரு முக்கியமான உண்மையைச் சொல்ல வேண்டும். படித்த, வசதியான வீட்டில்தான் குழந்தையின் அறிவு வளரும் என்றும், தொழிலாளி வீட்டுக் குழந்தையைச் சீக்கிரம் பள்ளிக்கு அனுப்பிவிட வேண்டும் என்றும் பலர் நம்புகிறார்கள். பார்பரா டிசார்ட், மார்ட்டின் ஹியூஸ் என்ற இருவர் லண்டனில் நான்கு வயதை ஒட்டிய 30 சிறுமிகளை எடுத்துக்கொண்டார்கள். பாதிப் பேர் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள். சிறுமிகளின் உடையில் ஒலிவாங்கி பொருத்தி, வீட்டுப் பேச்சையும் மழலைப் பள்ளிப் பேச்சையும் பதிவு செய்தார்கள். 1984இல் புத்தகமாக வந்த அந்த ஆய்வின்படி, வீட்டில் ஒரு சிறுமி மணிக்குச் சராசரியாக 26 கேள்விகள் கேட்டாள். பள்ளியில் 2. பயிற்சி பெற்ற ஆசிரியர்களும் விளையாட்டுப் பொருள்களும் இருந்த பள்ளி அது. சமையல், துணி மடிப்பது, கடைக்குப் போய் வருவது என்று அன்றாட வேலைக்கு நடுவே தாயோடு நடந்த பேச்சில் தொழிலாளர் வீடுகளிலும் சிந்தனை மிகுந்த உரையாடல்கள் இருந்தன.

குத்தம்பாக்கத்துக்கு இதைப் பொருத்திப் பாருங்கள். அம்மா திருமழிசைத் தொழிற்பேட்டையில் ஷிப்டு வேலைக்குப் போயிருக்கலாம். பிள்ளையை ஆயா பார்த்துக்கொள்ளலாம். “ஆயா, ஏரித் தண்ணி எங்க போவுது?” என்று கேட்கும் பேரனிடம், “பாதி வயலுக்குப் போவுதுடா, பாதி வெய்யிலு குடிச்சிடுது” என்று கீரை ஆய்ந்தபடியே சொல்கிறாரே அந்த ஆயா, அவர் செய்வது முதல்தரமான முன்பருவக் கல்வி. வெயில் எப்படித் தண்ணீர் குடிக்கும் என்று அடுத்த கேள்வி வந்தே தீரும். “தெரியலியே, தட்டுல கொஞ்சம் தண்ணி ஊத்தி வெய்யில்ல வெச்சுப் பாப்போமா?” என்று அவர் கேட்டுவிட்டால், ஒரு பல்கலைக்கழக ஆய்வுக்கூடம் செய்வதைத் திண்ணையில் செய்துவிட்டார். எந்தப் பலகையும் இந்தக் கல்விக்கு விளம்பரம் செய்வதில்லை என்பதால், வேலைக்குப் போகும் இந்தக் குடும்பங்கள் தங்களிடம் இருக்கும் செல்வத்தைத் தாங்களே மதிக்காமல் போகின்றன. அது எனக்கு வருத்தம் தருகிறது.

பலகையில் இருக்கும் இரண்டாவது சொல்லுக்கு வருகிறேன். செம்பரம்பாக்கம் ஏரியின் உபரி நீர் அடையாற்றில் சேர்ந்து, சென்னையின் தென்பகுதியைச் சுற்றிக்கொண்டு, பிரம்மஞான சபைத் தோட்டத்தின் ஓரமாகக் கடலுக்குப் போகிறது. அந்தத் தோட்டத்துக்கு 1939ஆம் ஆண்டு நவம்பரில் தன் 69ஆம் வயதில் வந்து சேர்ந்தார் மரியா மாண்டிசோரி. சபையின் தலைவர் ஜார்ஜ் அருண்டேலும் ருக்மிணி தேவியும் அழைத்திருந்தார்கள். சில மாதங்கள் ஆசிரியர் பயிற்சி நடத்திவிட்டுத் திரும்புவதாகத் திட்டம். 1940 ஜூனில் இத்தாலி போரில் குதித்ததும் இத்தாலியரான மாண்டிசோரி பிரிட்டிஷ் இந்தியாவில் எதிரி நாட்டவர் ஆகிவிட்டார். மகன் மரியோவை அகமதுநகர் முகாமில் அடைத்தார்கள். மாண்டிசோரியின் 70ஆம் பிறந்தநாளான ஆகஸ்ட் 31 அன்று வைஸ்ராய் மகனை விடுவித்தார். போர் முடியும்வரை தாயும் மகனும் இந்தியாவில்தான் இருக்க வேண்டியிருந்தது. அடையாற்றிலும் கொடைக்கானலிலும் பிற நகரங்களிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆசிரியர்கள் அவரிடம் பயிற்சி பெற்றார்கள்.

அதுவரை அவர் பெரிதும் கவனித்தது மூன்று முதல் ஆறு வயதுக் குழந்தைகளை. இந்தியாவில் அவர் பார்வை இரண்டு பக்கமும் விரிந்தது. ஒரு பக்கம், பிறந்த கணத்திலிருந்தே குழந்தை சுற்றுப்புறத்தைத் தன்னுள் வாங்கிக்கொள்கிறது என்ற கருத்து. அதைச் சொல்லும் ‘தி அப்சார்பன்ட் மைண்ட்’ 1949இல் முதலில் வெளியானது அடையாற்றில்தான். மறுபக்கம், ஆறு முதல் பன்னிரண்டு வயது. கொடைக்கானலில், இலங்கையிலிருந்து வந்து உடனிருந்த லீனா விக்ரமரத்ன போன்றவர்களின் துணையோடு, செடி, பூச்சி, பாறை, நட்சத்திரம் எல்லாவற்றையும் ஒரே கதையாக இணைக்கும் பாடமுறையை அவரும் மரியோவும் உருவாக்கினார்கள். ஆறு வயதுக்கு மேல் குழந்தையின் கேள்வி மாறிவிடுகிறது, பொருளின் பெயர் இனிப் போதாது, அது ஏன் அப்படி இருக்கிறது என்று தெரிய வேண்டும், எனவே பிரபஞ்சத்தையே அதன் முன்னால் வைத்துவிடுங்கள் என்பது அவர் வாதம். அந்தப் பழனி மலைச் சரிவில் பிறந்த முறைதான் இன்று உலகமெங்கும் உள்ள மாண்டிசோரி தொடக்கப் பள்ளிகளின் அடித்தளம். இன்னொன்றையும் மறக்கக் கூடாது. 1907இல் ரோமின் சான் லொரென்சோ பகுதியில் அவர் திறந்த முதல் பள்ளி கூலித் தொழிலாளர்களின் குடியிருப்பில், அவர்களின் பிள்ளைகளுக்காகத் தொடங்கியது. அந்தப் பெயர் இன்று நம் புறநகரில் கட்டணத்தை உயர்த்துவதற்கான காரணமாகிவிட்டது அநியாயம்.

பள்ளிக்குள் போனால் கேள்விகள் ஏன் வற்றுகின்றன? வயது ஏற ஏற ஆர்வம் தானாகக் குறையும் என்பது பெரியவர்கள் சொல்லிக்கொள்ளும் சமாதானம். எலிசபெத் பொனாவிட்ஸும் லாரா ஷுல்ஸும் மற்றவர்களும் 2011இல் வெளியிட்ட ஒரு சோதனை வேறு காரணத்தைக் காட்டுகிறது. நான்கு ரகசியங்கள் கொண்ட ஒரு பொம்மையைச் செய்தார்கள். ஒரு குழாயை இழுத்தால் கீச்சிடும், ஓரிடத்தில் விளக்கெரியும், ஓரிடத்தில் இசை வரும், இன்னொன்றுக்குள் கண்ணாடி இருக்கும். சில குழந்தைகளிடம் ஆய்வாளர் ஆசிரியரைப் போல, இந்தப் பொம்மை எப்படி வேலை செய்கிறது என்று காட்டுகிறேன் என்று சொல்லிக் கீச்சொலியை மட்டும் செய்து காட்டினார். வேறு சிலரிடம் தனக்கும் ஒன்றும் தெரியாதது போல நடித்து, தற்செயலாகக் கீச்சொலி வந்ததாகக் காட்டினார். பிறகு பொம்மையைக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டார். பாடம் கேட்ட குழந்தைகள் பெரும்பாலும் கீச்சொலியையே திரும்பத் திரும்பச் செய்துவிட்டுப் பொம்மையைக் கீழே வைத்தார்கள். மற்றவர்கள் நெடுநேரம் விளையாடி, மறைந்திருந்த மற்ற ரகசியங்களையும் கண்டுபிடித்தார்கள்.

பாடம் கேட்ட குழந்தைகள் மந்தமானவர்கள் என்று இதற்குப் பொருளில்லை. அவர்கள் மிகச் சரியாகவே யோசித்தார்கள்: தெரிந்தவர் காட்டுகிறார், இன்னும் ஏதாவது இருந்தால் அதையும் காட்டியிருப்பார், எனவே இவ்வளவுதான். இந்த ஆய்வின் இன்னொரு பகுதிதான் ஆசிரியர்களுக்கு மிகவும் பயன்படும். காட்டிக்கொண்டிருந்தவர் ஏதோ வேலை நினைவுக்கு வந்தது போலப் பாதியில் எழுந்து போய்விட்டால், குழந்தைகள் மறுபடி தேட ஆரம்பித்தார்கள். கற்பித்தது ஆர்வத்தைக் கொல்லவில்லை. கற்பித்து முடித்துவிட்டோம் என்ற தோரணைதான் கதவை மூடியது.

இந்த இடத்தில் தமிழ்நாட்டின் பெரிய முயற்சி ஒன்றை நன்றியோடும் கொஞ்சம் விமர்சனத்தோடும் பார்க்க வேண்டும். ஆந்திரத்தின் ரிஷிவேலிப் பள்ளி, சுற்றுவட்டார ஓராசிரியர் பள்ளிகளுக்காக உருவாக்கிய அட்டைவழிக் கற்றலை, 2003இல் சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்த எம்.பி. விஜயகுமார் மாநகராட்சிப் பள்ளிகளுக்குக் கொண்டுவந்தார். முதலில் 13 பள்ளிகள். 2007ஐ ஒட்டி மாநிலமெங்கும் சுமார் 37,000 தொடக்கப் பள்ளிகளுக்கு அது பரவியது. செயல்வழிக் கற்றல். ஆசிரியர் நாற்காலியை விட்டுப் பாயில் பிள்ளைகளோடு உட்கார்ந்தார். பிள்ளையின் கை எட்டும் உயரத்தில் கரும்பலகை வந்தது. தலைக்கு மேல் கம்பிப் பந்தலில் அவர்கள் வரைந்த படங்கள் தொங்கின. சுவரில் ஏணிப்படி வடிவில் பாட வரிசை. தான் எந்தப் படியில் நிற்கிறோம் என்று பார்த்து, அடுத்த அட்டையைக் குழந்தையே எடுத்துக்கொள்ளும். பத்து நாள் அம்மை போட்டு வீட்டில் இருந்த பிள்ளை, விட்ட படியிலிருந்தே தொடரலாம். அரசுப் பள்ளிக்கு வரும் ஏழைப் பிள்ளைக்கு இது எவ்வளவு பெரிய விடுதலை என்பதை அந்த வகுப்புகளைப் பார்த்தவர்கள் அறிவார்கள். பிரம்பும் பயமும் போனால்தான் கேள்வி பிறக்கவே முடியும். அந்த வேலையைச் செயல்வழிக் கற்றல் செய்தது.

ஆனால் அந்த ஏணியில் வேகம் குழந்தையுடையது, கேள்வியோ அட்டையுடையது. அட்டையில் உள்ளதைச் செய்து முடித்தால் அடுத்த அட்டை. அட்டையில் இல்லாத ஒன்றைக் குழந்தை கேட்டால் அதற்கு ஏணியில் படி கிடையாது. பிறகு வந்த திட்டங்களுக்கும் இது பொருந்தும். கொரோனா காலத்து இழப்பை ஈடுகட்ட 2022 ஜூனில் இதே திருவள்ளூர் மாவட்டத்தின் அழிஞ்சிவாக்கத்தில் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’, பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்து, பாட்டும் பொம்மலாட்டமுமாகக் கற்பிக்கிறது. எழுத்தும் எண்ணும் வராத பிள்ளைக்கு உலகமே பாதி மூடியிருக்கும் என்பதால், அதன் தேவையில் எனக்கு ஐயமில்லை. அதே வகுப்பில் நாளுக்குக் கால் மணி நேரமாவது பிள்ளையின் சொந்தக் கேள்விக்கும் இடம் வேண்டும் என்பதே என் கோரிக்கை.

அந்தக் கால் மணி நேரம் வீணாகாது என்பதற்கு மூளையே சாட்சி சொல்கிறது. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் மத்தியாஸ் க்ரூபர், சரண் ரங்கநாத் ஆகியோர் 2014இல் வெளியிட்ட ஆய்வில், சில பொது அறிவுக் கேள்விகளைக் கேட்டு, பதில் வரும்வரை சில விநாடிகள் காக்க வைத்தார்கள். அந்த இடைவெளியில், கேள்விக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு முகத்தின் படம் திரையில் வந்து போகும். விடை தெரிந்தே ஆக வேண்டும் என்று தவித்த கேள்விகளின் பதில்கள் நன்றாக நினைவில் நின்றன. அது எதிர்பார்த்ததுதான். தவிப்பின் நடுவே வந்துபோன முகங்களும் மறுநாள்வரை கூடுதலாக நினைவில் நின்றன என்பதுதான் செய்தி. ஆர்வம் எழும்போது, உணவும் பரிசும் தரும் மகிழ்ச்சியோடு தொடர்புடைய டோபமைன் பகுதிகள் விழிக்கின்றன. நினைவைப் பதியும் ஹிப்போகாம்பஸ் பகுதியோடு அவற்றின் உறவு இறுகுகிறது. ஆய்வுக்கு வந்தவர்கள் பெரியவர்கள் என்றாலும், ஆசிரியர்கள் கற்றுக்கொள்ள இதில் நிறைய இருக்கிறது. முதலில் கேள்வியை மூட்டி, கொஞ்சம் காக்க வைத்துப் பிறகு சொல்லும் வாய்ப்பாடு, கேட்காத காதில் ஓதும் வாய்ப்பாட்டைவிட ஆழமாகப் பதியும்.

இதற்கெல்லாம் கருவி வேண்டுமா? பள்ளிக் கூரையின் தாழ்வாரத்தை ஒட்டி, மழை படாத காய்ந்த மணலில் சிறு சிறு புனல்களாகக் குழிகள் இருக்கும். குழியானை. கிராமத்துப் பிள்ளை ஒவ்வொன்றும் அதைத் தோண்டி எடுத்து உள்ளங்கையில் விட்டு, அது பின்னாலேயே நகர்வதைப் பார்த்துச் சிரித்திருக்கும். குழியின் அடியில் தாடைகள் மட்டும் வெளியே தெரிய அது புதைந்து கிடக்கிறது. ஓர் எறும்பு விளிம்பில் கால் வைத்தால் மணல் சரிகிறது. எறும்பு ஏற முயன்றால் குழியானை தலையால் மணலை வாரி இறைத்து மறுபடி சறுக்க வைக்கிறது. பிடித்ததும் ஊசி போன்ற தாடைகளால் சாற்றை உறிஞ்சுகிறது.

ஒன்றாம் வகுப்புப் பிள்ளை குழிகளை எண்ணும். மூன்றாம் வகுப்புப் பிள்ளை நூலால் குழியின் வாயை அளக்கும். பெரிய குழியில் பெரிய குழியானைதான் இருக்கிறதா என்று கேட்கும். ஐந்தாம் வகுப்புப் பிள்ளையிடம் ஆசிரியர் ஒன்றே ஒன்று கேட்கலாம்: குழி ஏன் எல்லா இடத்திலும் ஏறக்குறைய ஒரே சரிவில் இருக்கிறது? காய்ந்த மணலைக் குவித்தால், ஒரு குறிப்பிட்ட சரிவுக்கு மேல் அது நிற்காது, தானே வழிந்துவிடும். குழியானை அந்த எல்லைச் சரிவில்தான் தன் பொறியை அமைக்கிறது. எறும்பின் பாரம் பட்டாலே சரிந்துவிடும்படி. ஈர மணலில் ஏன் குழி இல்லை? சலித்த மணலையும் சல்லி கலந்த மணலையும் இரண்டு தட்டில் கொடுத்தால் எதைத் தேர்ந்தெடுக்கும்? மணல் அள்ளும் லாரியிலும், செங்கல் சூளைக் குவியலிலும், உப்பளத்திலும் அதே இயற்பியல் இருப்பதைப் பிள்ளை பிறகு தானாகவே கண்டுகொள்ளும். இறுதியில் இன்னொரு வியப்பு காத்திருக்கிறது. இந்தக் குழியானை இளம்புழு மட்டுமே. மணலும் பட்டிழையும் கொண்டு உருண்டைக் கூடு கட்டி, அதிலிருந்து தட்டானைப் போலச் சிறகுள்ள பூச்சியாக வெளியே வருகிறது. இதைப் பிள்ளைகளிடம் முதல் நாளே சொல்லிவிடும் ஆசிரியர், கீச்சொலியை மட்டும் காட்டிய அந்த ஆய்வாளரின் வேலையைச் செய்கிறார். ஒரு கண்ணாடிக் குடுவையில் மணல் போட்டு ஜன்னலோரம் வைத்துவிட்டுக் காத்திருப்பவர் நல்ல ஆசிரியர்.

காத்திருப்பது சும்மா இருப்பது என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். தமிழ் பேசும் சிற்றூரான காளிக்குப்பத்தில் சுகதா மித்ராவும் ரித்து தங்வாலும் 10 முதல் 14 வயதுப் பிள்ளைகளுக்கு இணையத்தோடு கணினியை வைத்துக் கொடுத்து, மூலக்கூறு உயிரியலின் அடிப்படைகளைத் தாங்களாகக் கற்கிறார்களா என்று பார்த்தார்கள். 2010இல் முடிவுகள் வந்தன. தனியாக விடப்பட்ட பிள்ளைகள், அதே பாடத்தை ஆசிரியர் நடத்திய சராசரி அரசுப் பள்ளிப் பிள்ளைகளின் அளவுக்கு வந்தார்கள். அவர்களுக்குப் பழக்கமான, ஆனால் பாடம் தெரியாத ஒரு பெரியவர் கூட இருந்து ஊக்கம் கொடுத்த பிறகு, தில்லியின் நல்ல தனியார் பள்ளி மாணவர்களை எட்டினார்கள். ஒரே ஓர் ஆய்வை வைத்துப் பள்ளியே வேண்டாம் என்று கிளம்புவது தவறு. ஆனால் ‘எனக்கே தெரியாது, நான் எப்படிச் சொல்லித் தருவேன்’ என்று தயங்கும் பெற்றோருக்கு இதில் தெம்பு இருக்கிறது. பக்கத்தில் உட்கார்ந்து, அட, இதை எப்படிக் கண்டுபிடித்தாய் என்று உண்மையாகக் கேட்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

அமெரிக்காவில் சுமார் 6,200 மழலைப் பள்ளிக் குழந்தைகளைப் பற்றிய தரவுகளை அலசி, பிராச்சி ஷாவின் குழு 2018இல் ஒரு கட்டுரை வெளியிட்டது. ஆர்வம் மிகுந்த குழந்தைகள் வாசிப்பிலும் கணக்கிலும் முன்னே நின்றார்கள். ஏழை வீட்டுக் குழந்தைகளிடம் இந்தத் தொடர்பு இன்னும் வலுவாக இருந்தது. ஆர்வம்தான் மதிப்பெண்ணுக்குக் காரணம் என்று இது நிரூபிக்கவில்லை. இரண்டும் சேர்ந்து நடக்கின்றன என்பதைக் காட்டுகிறது. அவ்வளவே போதும், ஏழைப் பிள்ளைக்கு முதலில் அடிப்படை, ஆர்வமெல்லாம் பிறகு என்று நாம் பேசும் பேச்சை மறுபரிசீலனை செய்வதற்கு.

குத்தம்பாக்கத்திலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் இருக்கும் பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். கிராம சபை ஆண்டில் பலமுறை கூடுகிறது. கல்வி உரிமைச் சட்டப்படி உங்கள் பள்ளிக்கு ஒரு மேலாண்மைக் குழு இருக்கிறது, அதில் பெற்றோர்தான் பெரும்பான்மை. பள்ளி வளாகத்தைச் சிமெண்டு கல் பதித்துச் ‘சுத்தமாக்கும்’ தீர்மானம் வரும்போது, கூரையோரத்தில் பத்தடி மணலையும் ஒரு வேப்பமர நிழலையும் விட்டுவைக்கச் சொல்லுங்கள். தேர்ச்சி விகிதம் பற்றிக் கேட்கும்போதே, இந்த வாரம் என் பிள்ளை வகுப்பில் என்ன கேட்டான் என்றும் ஆசிரியரிடம் கேளுங்கள். மாலையில் பையை வாங்கி வைத்ததும், இன்றைக்கு என்ன சொல்லிக் கொடுத்தார்கள் என்பதற்கு முன்னால், இன்றைக்கு நீ என்ன கேட்டாய் என்று பிள்ளையிடமும் கேளுங்கள்.